பித்தளைக் குழாய்க்கு ஒன்பது ஓட்டு

ஜட்ஜய்யர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு டெலஸ்கோப்புகள் நின்றன.

ஒன்று ஆள் உயரத்தை விட நீளம். முழுக்கப் பித்தளை. புளி போட்டுத் தேய்த்து, பார்க்கிறவர் கண் கூசும்படி மின்னியது. இன்னொன்று கட்டைக் குட்டை. தகரக் குழாய்க்குக் கறுப்புச் சாயம் அடித்து, அடியில் ஒரு குழிக் கண்ணாடி பதித்தது. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிற குழாயில் ஒரு துண்டை அறுத்து நிறுத்தியது போல இருந்தது.

சாயங்கால வெயில். கடற்காற்று இன்னும் கிளம்பவில்லை. தளத்துச் செங்கல் செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. வானசாஸ்திர சங்கத்து உறுப்பினர்கள் ஒன்பது பேரும் வயது வரிசைப்படி நின்று, ஒவ்வொருவராகப் பித்தளைக் குழாயில் கண் வைத்து, சாந்தோம் மாதா கோயிலின் ஊசிக் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

"காக்கா தெரியறது. ஆனா தலைகீழா உக்காந்துண்டிருக்கே!" என்றார் காரியதரிசி சேஷாத்ரி.

"அதான் சார் அசல் சாமான்னு அர்த்தம்" என்றார் ரஹீம் பாய். ராயப்பேட்டையில் பழைய மூக்குக் கண்ணாடி, கடிகாரம், பைனாகுலர் விற்கிறவர். ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் ஏலத்தில் விட்டுப் போவதை எடுத்து வந்து விற்பார். இரண்டு டெலஸ்கோப்பும் அவருடையவைதான். "காக்காவைப் பாக்கவா சார் வாங்கறீங்கோ? சந்திரனைப் பாக்க வாங்கறீங்கோ. சந்திரனுக்குத் தலை எது, கால் எது? எப்படிப் பாத்தா இன்னா?"

ஒன்பது பேரும் தலையை ஆட்டினார்கள்.

கறுப்புக் குழாயில் யாரும் கண் வைக்கவில்லை. அதில் கண் வைக்க வேண்டிய இடம் பக்கவாட்டில் இருந்தது. "பக்கத்துல நின்னுண்டு எப்படிப் பார்க்கறது? வாசலை விட்டுட்டு ஜன்னல் வழியா நுழையற மாதிரி இருக்கு" என்றார் ஜட்ஜய்யர்.

நான் கேட்டேன்: "சார், நாம கண்ணால பார்க்க வாங்கறோமா, போட்டோ எடுக்க வாங்கறோமா?"

ஓட்டு எடுத்தார்கள். பித்தளைக்கு ஒன்பது. கறுப்புக்கு ஒன்றுமில்லை.

எனக்கு ஏன் ஓட்டு இல்லை

அப்பாவின் ஸ்டுடியோவைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதற்கு உறவுக்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். இந்த வாரம் கோபிக்க வேண்டியவர்கள் மயிலாப்பூர்க்காரர்கள்.

அப்போது முப்பதுகளின் நடுப்பகுதி. நான் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். கச்சேரி ரோட்டில் அப்பாவின் ஸ்டுடியோ. பிலிமுக்குப் பதில் அப்போது கண்ணாடி பிளேட். அதை மருந்தில் கழுவிப் படம் எழுப்புவது எனக்குச் சோறு வடிப்பது மாதிரி. சோறு வடிக்கத்தான் சரியாக வராது.

மயிலாப்பூரில் அந்த வானசாஸ்திர சங்கம் ஆரம்பித்ததற்கு வானத்தின் மேல் இருந்த ஆசை காரணமில்லை. பஞ்சாங்கச் சண்டை காரணம். வாக்கியப் பஞ்சாங்கம் கிரகணத்துக்கு ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். எது சரி என்று மாட வீதிகளில் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் உண்டு. ரிடையரான சப்-ஜட்ஜ் ஒருவர், எல்லாரும் ஜட்ஜய்யர் என்றே கூப்பிடுவார்கள், இதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். கோர்ட்டு போய்விட்டது. தீர்ப்புச் சொல்கிற பழக்கம் போகவில்லை.

சாட்சி வேண்டும் அல்லவா? கிரகணத்தைப் போட்டோ எடுத்துவிட்டால் அதுவே சாட்சி. அடுத்த கோடையில், சந்திரன் கடலிலிருந்து எழும்பிக் கொஞ்ச நேரத்திலேயே பிடிக்கப் போகிற கிரகணம் ஒன்று இருந்தது. டெலஸ்கோப் வாங்குவதற்கு நன்கொடை சேர்ந்தது. பிளேட்டைக் கையாளத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

உறுப்பினராக அல்ல. 'உதவி' என்று. பெண்ணுக்கு ஓட்டு உண்டா என்று சங்க விதியில் இல்லை. இல்லை என்பதால் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டவள் நான். ஒரு குழாயைப் பொறுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

போய்த் தொலையட்டும் என்று வந்திருப்பேன். ஆனால் ஜட்ஜய்யர் ஒரு வாக்குக் கொடுத்தார். கிரகணப் படம் நன்றாக விழுந்தால், அதற்கப்புறம் டெலஸ்கோப்பை எங்கள் பள்ளி மாடியில் வைத்துக்கொள்ளலாம். சங்கத்துக்கு வேண்டும்போது மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எங்கள் பள்ளியில் சயன்ஸ் என்றால் ஒரு அலமாரி. அதற்குள் ஒரு மண்டையோட்டுப் படம், ஒரு காந்தம், கரப்பான் தின்று மீதி வைத்த வண்ணத்துப்பூச்சிகள். கரும்பலகையில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு "இது சந்திரன்" என்பேன். பெண்கள் நோட்டில் வட்டம் போட்டுக்கொள்வார்கள். அந்த வட்டத்தைப் போட்டுப் போட்டு எனக்கு வெறுத்துவிட்டது. அதனால்தான் அந்த மாடிக்குப் போனேன்.

ஒரு நெல் தூரம்

கறுப்புக் குழாய்தான் வேண்டும் என்று நான் ஏன் அடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் உதவும்.

அந்தக் காலத்துப் பிளேட்டுக்கு நீல வெளிச்சம்தான் உயிர். மஞ்சள் அதற்கு அரை இருட்டு, சிவப்பு முழு இருட்டு. நம் கண்ணுக்கோ மஞ்சள்தான் பளிச்சென்று தெரியும். பித்தளைக் குழாயில் வெளிச்சம் லென்ஸுக்குள் நுழைந்து வளைகிறது. எல்லா நிறமும் ஒரே இடத்தில் வந்து கூடுவதில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற இடத்தில் பிளேட்டை வைத்தால் படம் மங்கும். குழிக் கண்ணாடிக்கு அந்த வம்பு இல்லை. அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். எல்லா நிறமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அப்பாவிடம் ஒரு பழைய லென்ஸ் இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மாப்பிள்ளை முகம் தெளிவாக விழும்வரை திருகுவார். அப்புறம் ஒரு நெல் தூரம் பின்னால் தள்ளுவார். தள்ளாவிட்டால் மாப்பிள்ளையின் மூக்கு புகையாகிவிடும். ஒருதரம் கல்யாண அவசரத்தில் மறந்துபோனார். பெண் வீட்டார் "வேற யாரோட படமோ இது" என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள்.

இதையெல்லாம் மாடியில் சொன்னேன். ஜட்ஜய்யர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மிஸ், கண்ணுக்குத் தெரியாதது படத்துல எப்படித் தெரியும்?" என்றார்.

ஓட்டு எடுத்தது அதற்கப்புறம்தான்.

ரஹீம் பாய் படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: "டீச்சரம்மா, நீங்க சொன்னது நெஜமோ பொய்யோ எனக்குத் தெரியாது. ஆனா பளபளன்னு ஒண்ணும் கறுப்பா ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, கறுப்பை எவன் தொடுவான்? அதுக்குத்தான் கறுப்பையும் தூக்கினு வந்தேன்."

வியாபாரி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கறுப்புக் குழாய் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். மாம்பலத்துப் பக்கம் தியாகராய நகர் அப்போதுதான் வீடும் கடையுமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அந்தப் பக்கம் நடந்து போகும்போது ஒரு சலூனுக்குள் பூசணிக்காய் அளவுக்கு ஒரு முகம் தெரிந்தது. பாதி சோப்பு, பாதி மயிர். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழிக் கண்ணாடியை மட்டும் சுவரில் மாட்டியிருந்தார்கள். வியாழனின் சந்திரன்களைக் காட்ட வேண்டிய கண்ணாடி. சவரம் செய்துகொண்டிருந்தவர் தன் முகத்திலிருந்த பருவைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று நான் பார்த்த பார்வையில் அவர் தலையைத் திருப்பிவிட்டார்.

பென்சில் வைத்துத் தீட்டியது

வாங்கியாயிற்று. இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும்.

ஒரு வளர்பிறையில், சாயங்காலங்களில், சோதனைப் பிளேட்டுகள் எடுத்தேன். ஜட்ஜய்யர் தானே திருகி, தானே "பிரமாதம்" என்று சொல்லி வைத்த இடத்தில் எடுத்த படத்தில் சந்திரன் தண்ணீரில் ஊறிய இட்லி மாதிரி இருந்தது. நான் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி எடுத்தேன். ஓரிடத்தில் குழிகள் ஒவ்வொன்றும் ஊசியால் குத்தியது போல விழுந்தன. பித்தளைக் குழாயில் அந்த இடத்தில் கொண்டை ஊசியால் ஒரு கோடு கீறிவைத்தேன்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"இது உங்க அப்பா ஸ்டுடியோவுல கழுவினதுதானே?" என்று கேட்டார் சேஷாத்ரி.

"ஆமா."

"பென்சில் வெச்சு டச் பண்ணியிருப்பார். கல்யாணப் படத்துலகூட முகத்துல தழும்பு இல்லாம பண்ணிடுவாரே, கெட்டிக்காரர்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வாயில் வந்ததை இங்கே அச்சடிக்க மாட்டார்கள்.

மங்கிய படத்துக்குக் காரணம் என் கை நடுக்கம் என்று முடிவாயிற்று. கிரகணத்தன்று ஜட்ஜய்யரே திருகி, திருகாணியை இறுக்கி வைப்பார். யாரும் தொடக் கூடாது. நான் பிளேட்டை மாட்டிக் கழற்றினால் போதும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் தோஷமா?

கிரகணத்துக்கு முந்தின கூட்டம் முழுவதும் வேறு ஒரு விஷயத்தில் போயிற்று.

அந்தக் கிரகணம் ஜட்ஜய்யரின் நட்சத்திரத்தில் பிடிக்கிறது. அவர் அதைப் பார்க்கக் கூடாது. நெற்றியில் ஓலைப் பட்டம் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார வேண்டும். சங்கத்துத் தலைவரே பார்க்காமல் எப்படி?

லென்ஸ் வழியாகப் பார்ப்பது பார்ப்பது ஆகுமா என்று விவாதித்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர் பார்த்தால் தோஷம் உண்டு, ஆகையால் இதற்கும் உண்டு என்றார் ஒருவர். தலைகீழாகத் தெரிவதால் தோஷமும் தலைகீழாகி நன்மையாகிவிடும் என்றார் இன்னொருவர். அவர் ஹைக்கோர்ட் வக்கீல். கடைசியில், படம் எடுத்துக் காகிதத்தில் பார்ப்பது தோஷமில்லை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

எந்தப் பஞ்சாங்கம் சரி என்பதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

என் பெட்டிக்கு இருந்த அனுமதி

பிளேட் உறைகள் மூன்றையும் முந்தின ராத்திரியே நிரப்பிவிட்டேன். ஒவ்வொரு உறையிலும் ஒரு பிளேட். முன்னால் ஒரு தகடு. தகட்டை இழுத்தால் வெளிச்சம் பிளேட்டில் படும். சாயங்காலம் கொண்டுவருகிறேன் என்றேன். சாயங்காலம் ராகுகாலம், எல்லாம் காலையிலேயே வந்துவிட வேண்டும் என்றார்கள்.

கொண்டுபோனேன். கத்திரி வெயில். மாடியில் வைத்தால் பிளேட் வெந்துவிடும். அந்த வீட்டில் குளிர்ச்சியும் இருட்டுமாக இருந்த ஒரே இடம் உக்கிராண அறை. ஜன்னல் இல்லை. அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் இருக்கிற அறை.

அந்த அறைக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. நான் கிறிஸ்தவள், அவர்கள் பேச்சில் வேதக்காரி. மாடிக்குக்கூட நான் வெளிப்படி வழியாகத்தான் ஏறுவேன். என் பெட்டிக்கு அனுமதி இருந்தது. ஜட்ஜய்யரின் மனைவி மங்களம் மாமி வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"என்னடி இருக்கு இதுல? இப்படிக் கனக்கறது!"

"கண்ணாடி மாமி. சந்திரன் இதுலதான் விழும். வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிடும். இதோ பாருங்க, இந்தத் தகட்டை இழுத்துடாதீங்க. சூடு பட்டாலும் கெட்டுப்போகும்."

"கெட்டுப்போற வஸ்துவா? சரி, நான் பத்திரமாப் பார்த்துக்கறேன். நீ கவலையே படாதே."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் வினை.

சங்கம் குளிக்கப் போனது

சந்திரன் எழும்பியது. கடல் பக்கத்துத் தென்னைகளுக்கு மேலே, தாம்பாளம் மாதிரி, செம்மண் நிறத்தில். ஜட்ஜய்யர் இன்னும் கிரகணம் பிடிக்காத சந்திரனைப் பார்த்துத் திருகினார். "பிரமாதம்" என்றார். திருகாணியை இறுக்கினார். "மிஸ், இதுல கை வெக்கப்படாது" என்றார். இறங்கிப்போய்ப் பட்டம் கட்டிக்கொண்டு பூஜையறையில் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற எட்டுப் பேரும் கையில் கடிகாரத்தோடு நின்றார்கள்.

சந்திரனின் ஓரத்தில் கறுப்புத் தட்டியது. "ஆரம்பிச்சுடுத்து!" என்று சேஷாத்ரி கத்தினார். நான் பிளேட் உறையைக் கையில் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க சார் போறீங்க?"

"சமுத்திர ஸ்நானம், மிஸ். ஸ்பரிச காலத்துல, பிடிக்க ஆரம்பிக்கறப்போவே, குளிச்சாகணும். நீங்க பார்த்துண்டே இருங்கோ, வந்துடறோம்."

கிரகணத்தைப் பார்ப்பதற்கென்றே ஆரம்பித்த சங்கம், கிரகணம் பிடித்ததும் கிளம்பிப் போய்விட்டது.

மாடியில் நானும் பித்தளைக் குழாயும். தெருவில் விளக்கில்லை. குளத்துப் பக்கத்திலிருந்து ஜனங்கள் முங்கி எழுகிற சத்தம் கேட்டது. கீழே மாமி ஸ்தோத்திரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

திருகாணியைத் தளர்த்தினேன். என் கொண்டை ஊசிக் கோட்டுக்குக் குழாயைத் தள்ளினேன். ஒரு நெல் தூரம்கூட இல்லை. கண்ணுக்குச் சந்திரன் கஞ்சி மாதிரி ஆயிற்று. மூன்று பிளேட்டையும் எடுத்தேன். பிறகு அவர் இறுக்கிய இடத்துக்கே கொண்டுவந்து இறுக்கிவைத்தேன்.

அவர்கள் ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது, "எல்லாம் சரியா நடந்ததா?" என்று கேட்டார்கள். "நடந்தது" என்றேன்.

எந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் கடல் நினைவு வந்துவிட்டதாம்.

சந்திரனில் கோடு

மறுநாள் அப்பாவின் இருட்டறை. சிவப்பு விளக்கு. மருந்து நெடி. பிளேட்டில் கோலிக்குண்டு அளவுக்குச் சந்திரன் மெல்ல மெல்ல எழும்பியது. குழிகள், மேடுகள், பூமியின் நிழல் வளைந்து ஏறுகிற ஓரம், எல்லாம் கத்தியால் வெட்டியது போல. நான் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அப்பா பார்த்தார். "நல்லா இருக்கு. நடுவுல என்ன கோடு?"

சந்திரனின் குறுக்கே ஒரு கோடு. நேர்க்கோடு. மூன்று பிளேட்டிலும் இருந்தது. ஒன்றில் மேலிருந்து கீழே, ஒன்றில் குறுக்கே, ஒன்றில் சாய்ந்து.

உறைகளைத் தட்டினேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தர்ப்பைப் புல் விழுந்தது. மெல்லிய நுனியாகப் பார்த்துக் கிள்ளிப் போட்டது.

எனக்கு உடனே புரிந்தது. கிரகணம் என்றால் கெட்டுப்போகக் கூடிய பண்டம் எல்லாவற்றிலும் தர்ப்பை போடுவார்கள். தயிர், ஊறுகாய், குடிதண்ணீர். என் பெட்டியும் கெட்டுப்போகிற பண்டம் என்று நான்தானே சொன்னேன். வெளிச்சம் படக் கூடாது என்றும் சொன்னேன். பாவம், மாமி கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் தடவித் தடவித் தகட்டைக் கொஞ்சமாக நீக்கிப் போட்டிருக்கிறார். பிளேட்டில் வெளிச்சம் பட்ட கறையே இல்லை. அந்த வீட்டில் நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டது அவர் ஒருவர்தான்.

படங்களைப் பெரிதாக்கி மாடிக்குக் கொண்டுபோனேன். நடந்ததைச் சொல்லத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் ஜட்ஜய்யர் எழுந்து நின்றுவிட்டார்.

"கால்வாய்!"

"சார், அது..."

"செவ்வாய்ல கால்வாய் இருக்குன்னு சொன்னா. சந்திரன்ல இருக்குன்னு யாரும் சொன்னதில்லையே! கிரகண காலத்துல மட்டும் தெரியறது!"

"சார், அது புல்லு."

"சந்திரன்ல புல் முளைக்காது, மிஸ்" என்றார் சேஷாத்ரி.

"சந்திரன்ல இல்ல. உறைக்குள்ள. தர்ப்பைப் புல்லு."

யாரும் கேட்கவில்லை. ஒருவர் பூதக் கண்ணாடி கொண்டுவர ஓடினார். மூன்று படத்தில் மூன்று திசையில் இருக்கிறதே என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. சந்திரன் சுழல்கிறதல்லவா என்று ஹைக்கோர்ட் வக்கீல் தீர்த்துவைத்தார். நான் மூன்றாவது தடவையும் புல் என்றேன். அப்போது அவர்கள் கால்வாய்க்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே தீர்மானம் ஆயிற்று. சந்திரனில் கோடு இருக்கிறது. ஏகமனதாக.

இரண்டு நாள் கழித்து சேஷாத்ரி ஸ்டுடியோவுக்கு வந்தார். குடையை மடித்து வைத்து, அப்பாவிடம் காப்பி வேண்டாம் என்று சொல்லி, என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், ஞாயித்துக்கிழமை காலேஜ் புரொபசர் ஒருத்தர் வர்றார். நீங்க அந்தப் புல் கதையை அங்க எடுக்க வேண்டாம். டெலஸ்கோப் மறுநாளே உங்க ஸ்கூல் மாடிக்கு வந்துடும். தலைவர் சொல்லச் சொன்னார்."

கதவுக்குப் பின்னால் ஒரு குரல்

வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துதான் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்து மாடியை நினைத்துக்கொண்டேன். அவர்கள் சந்திரனில் கால்வாய் வெட்டினால் வெட்டட்டும், படகு விட்டால் விடட்டும், என் பெண்களுக்கு டெலஸ்கோப் கிடைத்தால் போதும். ஆனால் புல்லைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கூடம் நிறைய ஆட்கள். புரொபசர் வருகிறார் என்பதால் அன்றைக்கு எனக்கும் வாசலோரமாக இடம் விட்டிருந்தார்கள். சந்தனம், கற்கண்டு. நடுவில் பித்தளைக் குழாய்க்கு மாலை போட்டிருந்தது. புரொபசர் படங்களை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"படம் ரொம்பத் தெளிவா இருக்கு. யார் போகஸ் பண்ணினது?"

"நான்தான்" என்றார் ஜட்ஜய்யர்.

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இந்தக் கோடுதான் புரியல. ஒரு மணி நேரத்துக்குள்ள இப்படித் திரும்புமா? சந்திரன் அவ்வளவு வேகமாச் சுத்தாதே."

சேஷாத்ரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிளேட்டைக் கோணலா மாட்டியிருப்பா சார். லேடீஸ் கை. பதட்டம்."

அவ்வளவுதான். பள்ளிக்கூட மாடி பறந்துபோயிற்று. நான் எழுந்து நடந்து, புரொபசர் முன்னால் காகிதத்தைப் பிரித்து, புல்லை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன்.

"கோடு இதுதான் சார். தர்ப்பை. பிளேட் உறைக்குள்ள கிடந்தது. ஒவ்வொண்ணுல ஒவ்வொரு பக்கமா விழுந்திருக்கு. இவங்ககிட்ட மூணு தடவை சொல்லியாச்சு. போகஸும் என்னோடது. இவங்க குளிக்கப் போனப்போ மாத்தினேன். குழாய்ல கீறல் இருக்கு, மாலையைத் தூக்கிப் பாருங்க."

புரொபசர் மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஜட்ஜய்யர் முகம் சிவந்தது. "தர்ப்பையா? என் ஆத்துல, பிளேட்டுப் பெட்டியில, எவன் கொண்டுவந்து போட்டான்?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"சொல்லித்தான் ஆகணும்! இது சதி! எவன் போட்டான்?"

உள்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. அந்தக் கூடத்தில் அது அதற்கு முன் கேட்டதில்லை.

"எவனும் இல்லை. நான்தான் போட்டேன்."

ஜட்ஜய்யர் கதவுப் பக்கம் திரும்பினார். குரல் நிற்கவில்லை.

"தயிர்ல போட்டேன், ஊறுகாய்ல போட்டேன், இவ பெட்டியிலயும் போட்டேன். நீங்கதானே அன்னிக்குக் காலம்பர, 'ஒண்ணு விடாம எல்லாத்துலயும் போட்டியா'ன்னு ரெண்டு தரம் கேட்டேள்? இப்ப எவன் போட்டான்னா? அந்தப் பொண்ணு புல்லு புல்லுன்னு தொண்டை வறளக் கத்தினா. சமையலறை வரைக்கும் கேட்டுது. உங்க ஒருத்தர் காதுலயும் விழல்லையா?"

முதலில் சிரித்தது புரொபசர். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு பின்வரிசை சிரித்தது. கடைசியில் ஹைக்கோர்ட் வக்கீலே சிரித்தார். மயிலாப்பூரில் நன்றியுரை இல்லாமல் கலைந்த கூட்டம் என் நினைவில் அது ஒன்றுதான்.

ஜட்ஜய்யர் கொடுத்த வாக்கு போயிற்று என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கரும்பலகையில் வழக்கம்போல வட்டம் போட்டேன்.

ஜட்காவில் வந்தது

சில வாரம் கழித்து, பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் ஒரு ஜட்கா குதிரைவண்டி வந்து நின்றது. பின்பக்கம் பித்தளைக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் ஒரு சிவப்புத் துணி. உள்ளே, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மங்களம் மாமி.

"பிலோமினா, இதை நீயே வெச்சுக்கோ. கூடத்துல கிடந்தா வரவா போறவாள்லாம் 'இதானா அந்தக் கால்வாய்க் குழாய்'னு கேக்கறா. அவருக்குச் சாதம் இறங்கமாட்டேங்கறது."

"சார் சம்மதிச்சாரா மாமி?"

"வேண்டாம்னு சொல்லல்லை. முகத்தைத் திருப்பிண்டார். அது போறும்."

சங்கம் அதற்கப்புறம் கூடவில்லை. கூடாததால் அந்தத் தீர்மானத்தையும் யாரும் ரத்துச் செய்யவில்லை. மயிலாப்பூர்க் கணக்குப்படி சந்திரனில் இன்றைக்கும் ஒரு கோடு இருக்கிறது. எந்தப் பஞ்சாங்கம் சரி என்பதும் அப்படியே இருக்கிறது.

குழாயை மாடிக்கு ஏற்றி நிறுத்தினோம். மாமிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். எங்கள் பள்ளித் தண்ணீர் அவர் குடிக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். ஆனால் கிளம்பவும் இல்லை. மேல்மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வானத்தில் பாதிச் சந்திரன். ஹாஸ்டல் பெண்கள் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். முதலில் மாமியைப் பார்க்கச் சொன்னேன். பழக்கத்தில் என் கீறலுக்கே குழாயைத் தள்ளியிருந்தேன்.

"கஞ்சி மாதிரி இருக்கேடி."

"அது பிளேட்டுக்கு மாமி. இருங்க, உங்க கண்ணுக்கு வைக்கறேன்."

திருகினேன். ஒரு கையால் மூக்குத்தியை மறைத்துக்கொண்டு குனிந்த மாமி அப்படியே நின்றார்.

"என்னடி இது, அம்மை போட்ட மாதிரி இத்தனை குழி!" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அது சரி, கோடு எங்கே?"

"நீங்க போட்டாத்தான் மாமி."

தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. வரிசையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். சந்திரன் குழாயை விட்டு நகர, நான் குழாயை நகர்த்திக் கொடுத்தேன். மறுபடி நகர்த்திக் கொடுத்தேன்.

"மாமி, பிள்ளைங்க நிக்குது."

"நிக்கட்டும்" என்றார், குனிந்தபடியே. "இது எங்காத்து மாடியில எத்தனை மாசமா நின்னுது. ஊர்ல இருக்கறவாளையெல்லாம் வரிசையில நிக்க வெச்சார். என் முறை வரவே இல்லை. இரு."

இருந்தோம்.